வெள்ளை நாற்காலி

ஐப்பசி, வெள்ளிக்கிழமை.

இன்று ஸ்ரீரங்கத்து ஃபிளாட்டில் இருந்தவர்கள்: இவர், நான், மகன் முரளி, மருமகள் நித்யா, முரளி வாங்கிய நாற்காலியைப் பார்க்கச் சென்னையிலிருந்து வந்த அவன் சிநேகிதர்.

வெள்ளைக் கம்பளி போர்த்திய நாற்காலி. யாரோ பெரிய கலைஞர் செய்தது. ஹாலில் அதற்குத் தனி விளக்கு. அழகு கெடுமென்று மற்ற நாற்காலிகளை உள்ளே போட்டுவிட்டார்கள்.

"உலகத்துலயே எட்டுதாங்க இருக்கு. வச்சிருந்தா விலை ஏறிட்டே போகும்" என்றார் சிநேகிதர்.

"அப்ப உட்கார எதை வாங்குவீங்க?" என்று கேட்டேன். சிரித்தார்கள்.

பக்கவாதம் வந்ததிலிருந்து இவரால் வெகுநேரம் நிற்க முடியாது. கால் நடுங்கியதும் அதில் உட்கார்ந்துவிட்டார். அடக்க முடியாமல் சிறுநீரும் போய்விட்டது.

முரளி துண்டோடு ஓடி வந்தான். "அப்பா, முதல்ல எந்திரிங்க" என்று தூக்கிச் சுவரோரம் நிறுத்திவிட்டு நாற்காலியைத் துடைத்தான். போட்டோ எடுத்து, கறை போகுமா என்று கேட்டு, அதை விற்ற கலைக்கூடத்துக்கு அனுப்பினான். ஈர வேட்டியோடு நின்றவரை நான்தான் உள்ளே கூட்டிப் போனேன்.

முன்பு உறையூரில் ஒரு கல்யாணத்தில் இரண்டு வயது முரளி இவருடைய பட்டு வேட்டியை நனைத்தான். "பிள்ளை தூங்குறான், எழுப்பாதே" என்று பந்தி முடியும்வரை இவர் மடியை அசைக்கவில்லை.

இப்போது மாத்திரைக்குத் தண்ணீர் கொடுத்தேன். நாக்கை மட்டும் நனைத்துக்கொண்டு, "போதும், மறுபடி ஏதாவது ஆயிடும்" என்றார். பிறகு, "அவனை ஒண்ணும் சொல்லாதே" என்றார்.

சொல்ல மாட்டேன். சொல்லி என்ன ஆகப் போகிறது. மன்னிக்கவும் மாட்டேன், என் வயிற்றில் பிறந்த முரளியை.