உன் கையை வைத்து நீ செய்த கை

கோச்சடை, மதுரை.
ஞாயிற்றுக்கிழமை, கோவில் ஆராதனை முடிந்து வந்து.

என் அன்பு மகள் ஜெனிஷாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையில் நானும் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம். நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், இன்றைக்கு அந்த வார்த்தை கையில் வரமாட்டேன் என்கிறது. நீ அங்கே கனடாவில் நேரத்துக்குச் சாப்பிட்டு, ஆண்டவர் காவலில் பத்திரமாக இருக்க வேண்டும் என்பதுதான் இப்போது காலையும் மாலையும் என் ஜெபம். இந்தக் கடிதத்தை ஜினோ கொண்டுவருவான். எங்கள் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சரின் மகன், உன் ஊருக்குத்தான் வேலைக்கு வருகிறான். கூடவே பருப்புப் பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் இருக்கும், அதைப் பிறகு திற, முதலில் இதைப் படி. போனில் சொல்ல வேண்டியதுதானே என்று நீ கேட்பாய். நீ போனைக் களிமண் டப்பாவில் சாய்த்து வைத்து, ஸ்பீக்கரில் போட்டு, வேலை பார்த்துக்கொண்டேதான் பேசுகிறாய், உன்னோடு தங்கியிருக்கிற பவதாரிணி சிரிப்பது எனக்கே கேட்கிறது. இந்தப் பக்கம் அப்பா என் தோளுக்குப் பின்னாலேயே நிற்கிறார். மெசேஜ் போட்டால் வகுப்பில் உன் பெரிய திரையில் வந்து விழுந்து எல்லாரும் படிக்கிறார்கள் என்று நீதான் ஒருநாள் கோபித்துக்கொண்டாய். ஒருதரம் நீ தனியாக இருக்கும் நேரம் பார்த்துக் கூப்பிட்டும் விட்டேன், நீ சொல்லுங்கம்மா என்றதும் மழை உண்டா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அதனால்தான் தாளில் எழுதுகிறேன்.

அப்பாவைப் பற்றி முதலில் சொல்கிறேன், பதறாதே. ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் வலது கால் செருப்பு தெருவிலேயே கழன்று விழுந்துவிட்டது, அது தெரியாமலே சர்ச் வாசல் வரை நடந்து வந்துவிட்டார். தார் ரோடு எம்புட்டுக் கொதிக்கும் என்று உனக்குத் தெரியும். பின்னால் வந்த பெனடிக்ட் அங்கிள் செருப்பை எடுத்து வந்து கொடுத்து, என்ன அண்ணே, பரிசுத்த பூமின்னு மோசே மாதிரி செருப்பைக் கழட்டிட்டு வாரீங்க என்று கேலி செய்தார், எல்லாரும் சிரித்தார்கள், அப்பாவும் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் பாதத்தில் கொப்புளம், வலிக்கவே இல்லை என்கிறார். சுகர் இருக்கும் என்று நினைத்து ரத்தம் கொடுத்துப் பார்த்தோம், இல்லை. முதுகில் வெளுத்த படை இருப்பதைத் தேமல் என்று இத்தனை நாள் விட்டிருந்தோம். கே.கே. நகரில் சரண்யாதேவி என்று ஒரு தோல் டாக்டர், நல்ல நிதானமான பெண், அப்பாவைக் கண்ணை மூடச் சொல்லி முதுகில் பஞ்சால் தொட்டுத் தொட்டுக் கேட்டார்கள். அப்பா ஒன்றுமே சொல்லாமல் உட்கார்ந்திருந்தார், தொட ஆரம்பிக்கவே இல்லை என்று நினைத்துக்கொண்டு. ஜெனி, அப்பாவுக்குத் தொழுநோய். எழுதிவிட்டேன், ஒரு தடவைதான் எழுதுவேன்.

கவர்மென்ட் ஆஸ்பத்திரியிலேயே மாத்திரை சும்மா கொடுக்கிறார்கள், ஒழுங்காகச் சாப்பிட்டால் முழுசாகக் குணமாகும், சாப்பிட ஆரம்பித்துவிட்டால் அடுத்தவருக்குப் பரவாது என்று டாக்டர் அடித்துச் சொல்கிறார்கள். போனில் பார்த்து அப்பா ஏன் இப்படிக் கறுத்துட்டார் என்று நீ கேட்டாயே, அது வெயில் இல்லை, அந்த மாத்திரை. ஆனால் உன் அப்பாவுக்கு எங்கே புத்தி ஏறுகிறது. தட்டைத் தனியாக வைத்திருக்கிறார், துண்டைத் தனியாகத் துவைக்கிறார். நற்கருணைக்குப் பொதுக் கிண்ணத்தில் வாய் வைக்க மாட்டேன் என்று கடைசி பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டு எழுந்து வருகிறார். அப்பாவுக்கும் ஆராதனை நடத்துகிற போதகர் ஐயருக்கும் ஏதோ மனஸ்தாபம் என்று சபையில் பேச்சு, ஐயரே வீட்டுக்கு வந்து நான் ஏதும் தப்பா பேசிட்டேனா என்று கேட்டுவிட்டுப் போனார். உண்மையைச் சொல்ல முடியாமல் நான் காப்பியைப் போட்டுக் கொடுத்து அனுப்பினேன். உனக்கும் சொல்லக்கூடாது என்று என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கியிருக்கிறார். அதை மீறித்தான் எழுதுகிறேன். அது என் பாடு.

இனிமேல்தான் கவனமாகப் படிக்க வேண்டும். டாக்டர் என்னையும் சோதித்துப் பார்த்தார்கள், எனக்கு ஒன்றும் இல்லை. வீட்டில் கூட இருந்தவங்க வேற யாரு என்று கேட்டார்கள். மகள் இருக்கிறாள், வெளிநாட்டில் ஓவியம் படிக்கிறாள் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே உன் சுண்டு விரல் ஞாபகம் வந்துவிட்டது. பொங்கல் சமயத்தில் நீ சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னாய் ஞாபகம் இருக்கிறதா? சூடான காற்று அடிக்கிற மெஷின் சுண்டு விரலில் பட்டுக் கொப்புளித்துவிட்டது, ஆனா வலிக்கவே இல்லம்மா, நான் உண்மையான சிற்பி ஆயிட்டேன் என்றாய். முழு நாளும் படம் வரைகிற டேப்லெட் மேல் கையை வைத்துத் தேய்ப்பதால் அந்தப் பக்கம் மரத்துவிட்டது என்றாய், அங்கே உள்ள டாக்டரும் அதையே சொல்லி மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள ஒரு பட்டை கொடுத்தார் என்றாய். நானும் நம்பினேன். படம் வரைகிற பிள்ளைக்குக் கை மரக்கத்தானே செய்யும் என்று எண்ணெய் தேய்க்கச் சொன்னேன். என்னை என்ன சொல்ல.

உன் படங்கள் எல்லாம் என் போனில் வரிசையாக இருக்கின்றன. முதலில் கம்ப்யூட்டரில் வரைந்தவை, வைகைக்குள் நிற்கிற எருமைகள், கொக்குகள், அதில் ஒரு கோடும் நடுங்கவில்லை. பிறகு சிற்ப வகுப்புக்குப் போனதும் உன் வலது கையை மாவில் முக்கி அச்செடுத்துச் செய்த வெள்ளைக் கை. விரல் ஐந்தும் அளவுகோல் மாதிரி நேராக நிற்கின்றன, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஆஜர் சொல்லத் தூக்குகிற கை மாதிரி. இப்போது கிரியேச்சர் டிசைன் என்று இல்லாத மிருகங்களை உண்டாக்குகிற படிப்பு. ஜெனி பேய் செய்யப் படிக்கிறாளா என்று உன் அத்தை கேட்கிறாள், சம்பளம் வாங்குற பேய் என்று சொல்லி வைத்திருக்கிறேன். போன மாதம் அனுப்பினாயே, உடும்பு முதுகும் ஆட்டுக் காலுமாக, ஒரு கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற அது. அதன் கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் மட்டும் உள்ளே மடங்கி இருக்கின்றன. வகுப்பு முழுக்க எழுந்து கை தட்டியது, இந்த மாதிரி விரலை எப்படி யோசித்தாய் என்று வாத்தியாரே கேட்டார் என்று துள்ளினாய். நான் யோசிக்கவே இல்லம்மா, மறுபடியும் என் வலது கையவே முக்கி அச்செடுத்தேன், சும்மா தளர விட்டு வச்சேன், விரல் தானா அழகா மடங்கி நின்னுச்சு என்றாய்.

இரண்டு அச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஜெனி, அது மிருகத்தின் கை இல்லை, உன் கை. தானாக மடங்கியதுதான் எனக்குப் பயம். டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். படத்தை வைத்துச் சொல்ல முடியாது, முழங்கையில் நரம்பு நசுங்கினாலும் இப்படி ஆகும், ஆனால் அப்பாவுக்கு இருக்கும்போது ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது, சீக்கிரம் பார்த்தால் கையைக் காப்பாற்றலாம், விட்டுவிட்டால் மடங்கிய விரல் மடங்கியதுதான் என்றார்கள். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. குழம்பில் இரண்டு தரம் உப்புப் போடுகிறேன். நீ தூரிகை பிடிக்கிற கை அது. பால்வாடிக்குப் போகும்போதே கரித்துண்டை எடுத்துச் சுவரெல்லாம் கிறுக்கின கை.

அங்கே உள்ள டாக்டர்கள் இந்த நோயை ஆயுசில் பார்த்திருக்க மாட்டார்களாம், நீயாக வாயைத் திறந்து அப்பாவுக்கு இருக்கிறது என்று சொன்னால்தான் அவர்களுக்குத் தோன்றும். சரண்யாதேவி டாக்டர் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்த தாள் இதோடு இருக்கிறது, வெட்கப்படாமல் கையில் கொடு. இதில் வெட்கத்துக்கு என்ன இருக்கிறது, நாம் யாரையும் ஏமாற்றவில்லை. அதற்கு முன்னால் பவதாரிணியை உட்கார வைத்துக் கொஞ்சம் பஞ்சால் உன் சுண்டு விரலைத் தொடச் சொல். நீயே தொட்டுப் பார்க்காதே, கண்ணைத் திறந்தும் பார்க்காதே, நீ கண்ணால் பார்த்தே எதையும் செய்து பழகினவள், பட்டது மாதிரியே இருக்கும். தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் டாக்டரைப் பார்த்தாக வேண்டும். பார்த்துவிட்டு எந்த நேரமானாலும் என் நம்பருக்குக் கூப்பிடு, அப்பா நம்பருக்கு வேண்டாம். பிள்ளைக்கு என்னால ஒண்ணும் வந்திருக்காதுல்ல என்று தினமும் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்கிறார். அதெல்லாம் ஒன்றும் இல்லை என்று சொல்லித்தான் விழுங்க வைக்கிறேன்.

ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, உன் கையின் வேலையை ஆசீர்வதித்து, அந்தக் கையையும் உனக்குக் காத்துத் தரட்டும். அடுப்பில் ஏதும் சூடாக இருந்தால் துணி இல்லாமல் தொடாதே.

அப்பா இப்போதுதான் வந்து எதிரே உட்கார்ந்தார், தாளைக் கவிழ்த்துவிட்டு மிச்சத்தைப் பின்பக்கத்தில் எழுதுகிறேன். உன் மிருகத்தின் படத்தை அவர் ஜெராக்ஸ் கடையில் கலரில் எடுத்து லேமினேட் போட்டு வைத்திருக்கிறார், கேஸ் கொண்டுவருகிறவருக்குக்கூட அந்தக் கையைக் காட்டாமல் விடுவதில்லை. உனக்கு என்ன சொல்லட்டும் என்று கேட்டேன். காலேஜ் கடைசி ஷோவுக்கு வைக்கிறப்ப அந்தக் கைய மட்டும் மாத்திப்புடாதன்னு எழுது, அம்புட்டு அழகா இருக்கு என்கிறார். எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா,
லில்லி புஷ்பம் ஞானசீலன்.