இரண்டு பெயர் போட்ட மெட்டு

டொராண்டோ, 1976

என் சந்துருவுக்கு,

நேற்று உன் நினைவுக் கூட்டம் முடிந்தது. நீயும் யாழ்ப்பாணத்துச் செல்வமும் ஒத்திகை பார்த்த அதே தேவாலயத்தின் கீழ்த்தள அறையில்தான். எனக்கு அலுப்பாக இருக்கிறதடா. உங்கள் இருவருக்கும் நடுவே வருஷக்கணக்காகத் தூது போன அலுப்பு, நீ போன பிறகும் இறங்கவில்லை.

பம்பாயில் இந்திப் படங்களுக்குச் சேர்ந்து இசையமைத்த இருவர் பிரிந்த கதையை எத்தனை முறை சொல்லியிருப்பாய்? எந்த மெட்டு யாருடையது என்று வெளியே சொல்வதில்லை என்பது அவர்களுக்குள் பேச்சு. ஒருவர் வெளியே சொல்லிவிட்டார். அதன் பிறகு படங்களில் பெயர் மட்டும் சேர்ந்து வந்தது, ஆட்கள் தனித்தனி. "அவ்வளவு பெரிய ஆளுங்க, இது தெரியலையே அக்கா" என்பாய்.

உன் ஹார்மோனியமும் செல்வத்தின் அக்கார்டியனுமாக நீங்கள் இந்திப் பட பாணியில் மெட்டுப் போடத் தொடங்கியபோது அதே பேச்சுதான். எல்லாமே 'சந்துரு–செல்வம்'. பிறகு பக்கத்து ஊரான ஒஷாவாவில் நடந்த அந்தக் கல்யாணத்தில் யாரோ செல்வத்தின் கையைக் குலுக்கிப் பாராட்டப் போக, நீ மைக்கைப் பிடித்து, "அந்த மெட்டு என்னுது" என்றாய். செல்வம் அக்கார்டியனைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டுப் போனவர்தான்.

என் வகுப்பில் விடையை ஒப்பித்துவிட்டுப் பரீட்சையில் தப்பாக எழுதும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். நீயுமா?

நேற்று அவர் வந்தார். "அடுத்து, சந்துருவின் மெட்டு" என்று அதே ஒஷாவா மெட்டை அறிவித்தார்கள்.

"ரெண்டு பேரின்ரை பேரையும் சொல்லுங்கோ" என்றார் செல்வம், அக்கார்டியனைத் தோளில் மாட்டிக்கொண்டே. பிறகு வாசித்தார். உன் ஹார்மோனியம் வரவேண்டிய இடங்களில் சும்மா காத்திருந்தார்.

அவர் காரில்தான் திரும்பினேன். "இப்பவாவது சொல்லுங்க செல்வம், அது யாரோட மெட்டு?"

"சொல்லுறேல்லை எண்டுதானே அக்கா கதைச்சு வச்சனாங்கள்."

"அவன்தான் சொல்லிட்டானே."

"அவன் சொன்னவன். நான் சொல்லேல்லை." சிவப்பு விளக்கில் வண்டியை நிறுத்தினார். "விசரன். ஒருக்கா போன் எடுத்திருக்கலாம்."

ஏனடா பைத்தியக்காரா, நீ அவருக்கு ஒரு போன் பண்ணவில்லை? தொலைபேசி உன் கட்டிலுக்குப் பக்கத்தில்தானே இருந்தது?

நான் முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோது நம் சமையலறையில் பிறந்த மெட்டு அது. முதல் வரி யார் வாயில் வந்தது என்று எனக்குத் தெரியும். யார் கேட்டாலும் சொல்ல மாட்டேன். உன் பங்குக்கும் சேர்த்து இனி நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

உனக்கும் செல்வத்துக்கும் அக்கா,
மங்களம்