வெயில் காணாத காடைகள்

ஜனவரி 9, வெள்ளி
சரியான பனி. கொட்டகைக்குள்ள கை விறைச்சுப்போச்சு. இன்னிக்கும் காடை முட்டை பாதி தோல்முட்டை. ஓடே இல்ல, வெறும் சவ்வு. தொட்டா வழியுது. நாலு காடை எழுந்திருக்க முடியாம காலைப் பரப்பிக்கினு கிடக்குதுங்க.

கிளிஞ்சல் தூள் இன்னும் ரெண்டு பிடி சேர்த்தேன். போன வாரமும் சேர்த்தேன். எங்கதான் போகுதோ!

பொரிப்பான் பெட்டியில வெச்ச முட்டை ஒண்ணுகூடப் பொரியலை. வீட்டுக்காரர் தறியில உக்காந்துக்கினே, "போதும்மா. ஓட்டல்காரன் கேட்டுக்கினே இருக்கான், கறிக்கு மொத்தமா ஏத்தி விட்டுடலாம்"ங்கறார். இன்னொரு தடவை வெச்சுப் பாக்கறேன், அதுவும் பொரியலைன்னா ஏத்திவிடுங்கன்னு சொல்லித் தொலைச்சேன். வாய் சும்மா இருக்குதா எனக்கு.

வாங்க: மக்காச்சோளம், சோயா பிண்ணாக்கு, பல்பு.

ஜன. 12, திங்கள்
கால்நடை ஆஸ்பத்திரி டாக்டரம்மா வந்தாங்க. கொட்டகைக்குள்ள நுழைஞ்சதுமே கம்பத்துல முட்டிக்கினாங்க.

"என்னம்மா இது, காடைக் கொட்டகையா, சினிமா கொட்டாயா?"

நாலு பக்கமும் கெட்டித்துணி கட்டியிருக்கேன். எங்க வீட்டு ஜன்னலுக்கும் அதுதான். வெயில் பட்டா தறியில இருக்கற பட்டு வெளுத்துடும். பொறந்ததுலருந்து பழக்கம். யோசிக்காம இங்கயும் கட்டிட்டேன்.

"காடைக்கு என்னம்மா சாயமா போவப்போவுது?" சிரிச்சாங்க. அப்புறம் சொன்னாங்க: எவ்ளோ கிளிஞ்சல் போட்டாலும் வைட்டமின் டி இல்லன்னா சுண்ணாம்புச் சத்து உடம்புல சேராது. வெயில் பட்டா தோல்லயே அது ஊறும். இங்க வெயிலும் இல்ல. நானே அரைக்கற தீவனத்துல வைட்டமின் பவுடரும் இல்ல.

தலையில அடிச்சுக்கினேன்.

ஜன. 13
துணியெல்லாம் அவுத்தாச்சு. கம்பிவலை மட்டும். காலை வெயில் உள்ள விழுந்ததும் ஒரு காடை உமி மேல சாய்ஞ்சு, றெக்கையை விரிச்சு, கண்ணை மூடிக்கிச்சு. அடிப்பாவி, இத்தனை மாசமா இதையா மறைச்சு வெச்சிருந்தேன்!

வைட்டமின், தாது உப்பு பவுடர் வாங்கியாச்சு. ஒரு மூட்டை தீவனத்துக்கு ஒரு பிடிகூட வராது. அப்படியே கொட்டக்கூடாது. முதல்ல ஒரு சொம்பு மாவுல, அப்புறம் அன்னக்கூடையில, அப்புறம்தான் மூட்டையில. அதிகமானாலும் ஆபத்தாம்.

அந்தப் பிடிக்குள்ள டி சத்து கண்ணுக்கே தெரியாத அளவுதானாம். அந்தத் துளியா ஓடு கட்டுது?

பிப். 3, செவ்வாய்
முட்டை டொக்குனு சத்தம் போடுது! புள்ளி புள்ளியா, கெட்டியா. படுத்துக்கிடந்ததுல மூணு நடக்குதுங்க. ஒண்ணு போயிடுச்சு, பாவம்.

பெட்டியில வெச்சாச்சு. இவர் அதுக்குள்ள ஓட்டல்காரன்கிட்ட, பொரியற அன்னிக்கே வண்டி எடுத்தான்னு தேதி சொல்லிட்டாராம். அப்படி என்ன அவசரம் இந்த மனுசனுக்கு!

டாக்டரம்மா போன்ல ஒண்ணு சொன்னாங்க. உள்ள வளர்ற குஞ்சு தன் எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்பை அந்த ஓட்டுலருந்தே எடுத்துக்குமாம். குடியிருக்கற சுவரையே கரைச்சு எலும்பாக்கிக்குது. ஏகாம்பரநாதா, என்ன கணக்குப்பா இது!

பிப். 20, வெள்ளி
விடிஞ்சதுலருந்து தூறல். பெட்டியில கீச்சுன்னு ஒரு சத்தம். ஒரு ஓட்டுல கீறல். சுத்திவரக் கொத்தி, மூடியைத் தள்ளிக்கினு வெளிய வந்துச்சு. என் கட்டைவிரல் அளவுதான் இருக்கும். நனைஞ்சுபோய் விழுந்து கிடந்துச்சு. அப்புறம் எழுந்து நின்னுச்சு. நின்னுச்சு! இன்னொண்ணு. அந்த மூலையில இன்னொண்ணு.

இவரைக் கூப்பிட்டேன். தறியிலருந்து எழுந்து வந்து பெட்டிகிட்ட குந்தினார். காலி ஓடு ஒண்ணைக் கையில குடுத்தேன். தொட்டதுமே நொறுங்குச்சு.

"இதுலருந்தா இந்தக் காலு?"

"ஆமா."

வாசல்ல வண்டி ஹாரன். ஓட்டல் ஆளு. இவர் எழுந்துக்கவே இல்ல. உள்ளேருந்தே கத்தறார்: "இன்னிக்கு ஆவாதுபா, நீ போ! வீட்ல பிரசவம் நடந்துக்கினு இருக்குது!"