கோடு போட்ட முதல் வரி

ஊருக்குத் தலைவராகவும் எனக்கு என்றைக்கும் அப்பாவாகவும் இருக்கிற என் அப்பாவுக்கு,

நீங்கள் போய் மூன்று மாதமாகிறது. உங்கள் இடத்துக்கு இடைத்தேர்தல் வந்துவிட்டது. என்னை நிற்கச் சொல்கிறார்கள். எனக்குச் சந்தோஷமா பயமா என்றுகூடத் தெரியவில்லை.

பெரிய தெருக்காரர்கள் பஸ் நிறுத்தத்தில் உங்கள் படத்துக்கு மாலை போட்டு, கீழே ‘தங்கமான மனிதர்’ என்று எழுதியிருக்கிறார்கள். பீங்கான் சூளையில் சரக்கு அடுக்கிய இருளர் வீட்டு ஆள், சாதிச் சான்றிதழுக்காக விருத்தாசலம் சப்-கலெக்டர் ஆபீசுக்குச் செருப்புத் தேய நடந்தவர், வார்டு உறுப்பினராகி, அப்புறம் பஞ்சாயத்துத் தலைவரானவர் என்பதெல்லாம் அதில் இல்லை. மளிகைக்கடை ராமசாமி என்னை நிறுத்தி, “உங்கப்பா மாதிரியே இரும்மா. ஒரு வார்த்த எதுத்துப் பேசுனதில்ல. எல்லாத் தெருவுக்கும் கொழா வந்துடுச்சி பாரு” என்றார்.

எல்லாத் தெருவுக்கும் வந்தது. நம் தெருவுக்கு மட்டும் வரவில்லை.

உங்கள் அக்கா அஞ்சலை அத்தை இன்றும் பெரிய தெருக் குழாயில் கடைசி ஆளாகக் குடத்தோடு நிற்கிறாள். “தேர்தல்ல நில்லுடி, ஆனா உங்கப்பன மாதிரி இருக்காத. ஊருக்கெல்லாம் தண்ணி வுட்டுட்டு எங்கள நாக்கு வறள வுட்டுட்டுப் போயிட்டான்” என்று திட்டுகிறாள். திட்டி முடித்ததும் அழுகிறாள். நான் யார் மாதிரி இருப்பது அப்பா?

உங்கள் பெட்டியில் ஒரு தாள் கிடைத்தது. நீங்கள் தலைவரான புதிதில், கிராம சபைக்காக நீங்கள் சொல்லச் சொல்ல நான் எழுதியது. முதல் வரி, ‘இருளர் தெருவுக்குக் குடிநீர்க் குழாய்.’ அதன் மேல் கோடு போட்டிருந்தது. யாரோ உங்களை மிரட்டிக் கோடு போட வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது. யார் என்று அம்மாவிடம் கேட்டேன்.

“யாரும் மெரட்டல. உங்கப்பாவேதான் போட்டாரு” என்றாள்.

சூளையில் விரிசல் விட்டதால் ஒதுக்கிய ஏழு பீங்கான் ஜாடிகளை வேப்பமரத்தடியில் நட்டு, ஏழு கன்னிமார் என்று நீங்கள்தானே கும்பிட ஆரம்பித்தீர்கள். கிராம சபைக்கு முந்தின வெள்ளிக்கிழமை, எந்தத் தெருவுக்கு முதலில் என்று அங்கே கேட்டீர்களாமே? சாமி வந்து, “மொதல்ல ஊரு குடிக்கட்டும், நீ அப்புறம் குடி” என்றதாம்.

சாமி வந்தது அஞ்சலை அத்தை மேல்.

சாமி மலையேறிய பிறகு, சொன்னது எதுவும் அத்தைக்கு நினைவிருக்காது. வாக்குச் சொன்னவரிடமே அதைத் திருப்பிச் சொல்வது நம் வழக்கமும் இல்லை. அதனால்தான் அவள் ஏச்சையெல்லாம் வாய் திறக்காமல் வாங்கிக்கொண்டீர்களா? சாமிக்குக் கட்டுப்பட்டீர்களா, இல்லை, பெரிய தெருவுக்குப் பயந்து சாமியைச் சாக்காக வைத்தீர்களா? உங்கள் மேல் எனக்குக் கோபமா, இரக்கமா? ஒன்றும் விளங்கவில்லை.

நான் நிற்கலாமா என்று நாளை வெள்ளிக்கிழமை நம் தெருக்காரர்கள் கன்னிமாரிடம் கேட்கப் போகிறார்கள். மறுபடியும் அத்தை மேல்தான் வரும். அத்தை வாயாலேயே வேண்டாம் என்று வந்துவிட்டால்? அதனால் இன்று காலையே போய் வேட்புமனு கொடுத்துவிட்டேன். தப்பா அப்பா?

ஒரு சத்தியம் செய்கிறேன். ஜெயித்தால் அதே முதல் வரியை மறுபடி எழுதுவேன். சாமியே வந்து வேண்டாம் என்றாலும், “தாயி, உன் தலையில ஊத்துற தண்ணிக்கே அத்த அடுத்த தெருவுல போயி நிக்குது” என்று சொல்லிவிடுவேன். நம் குழாயில் முதல் குடத்தை அத்தைதான் பிடிப்பாள். பிடித்துக்கொண்டே உங்களைத் திட்டுவாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். வாய்க்கு வந்தபடி திட்டட்டும். ‘மொதல்ல ஊரு குடிக்கட்டும்’ என்ற அந்த வார்த்தை அவள் வாயிலிருந்துதான் வந்தது என்று அவளிடம் என் வாயால் சொல்லவே மாட்டேன்.

இன்னும் குழம்பிக்கொண்டிருக்கும்
உங்கள் மூத்த மகள்,
தேவகி