கௌஸ் பாயை விட்டுவிட்டு வரச் சொன்னார்கள்

அல் குசைஸ், துபாய்
10.11.2006, வெள்ளி

என் அன்பு மகள் ரினிக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையால் எனக்கு உடம்புக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை, முதுகு வலி மட்டும் உண்டு, அது இருபது வருஷமாக என்கூடத்தான் இருக்கிறது. சலாலாவில் நீ சுகமாக டூட்டி பார்த்துக்கொண்டிருப்பாய் என்று நம்புகிறேன். நைட் டூட்டி முடிந்து வந்து சாப்பிடாமல் படுக்கிற பழக்கம் உனக்கு உண்டு, அது வேண்டாம் மக்ளே. இந்தக் கடிதத்தை எங்கள் கேம்ப் பன்னீர்செல்வம் கையில் கொடுத்தனுப்புகிறேன், அவன் சலாலாவுக்கு டைல்ஸ் ஏற்றிக்கொண்டு வருகிறான், உன் ஆஸ்பத்திரி வாசலில் வந்து போன் பண்ணுவான். கூடவே ஷார்ஜா ரோலா கடைத்தெருவில் எடுத்த சேலை ஒன்று இருக்கிறது, கடைக்காரன் இதுதான் இப்போது எல்லாரும் கட்டுகிறது என்றான், பிடிக்காவிட்டால் யாருக்காவது கொடுத்துவிடு, என்னிடம் பிடித்திருக்கிறது என்றே சொல்லு.

நோன்பு மாதத்தில் என் போன் ஏன் கிடைக்கவில்லை என்று நீ கேட்டதற்கு சார்ஜ் இல்லை என்று சொன்னேன். டிசம்பர் லீவு என்னாச்சு என்று கேட்டதற்கும் பதில் சொல்லாமல் பேச்சை மாற்றினேன். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். போனில் சொன்னால் பாதியில் கார்டு தீர்ந்துபோகும், நீ மீதியை நினைத்துப் பயந்துகொண்டே இருப்பாய், அதனால் எழுதுகிறேன். என் ரூமில் இருந்த கௌஸ் முகைதீன் பாயை உனக்குத் தெரியும், கடையநல்லூர்க்காரர், நீ முதல்முதலில் மஸ்கட் வந்து இறங்கினபோது போனில் உன்னோடு பேசி, பிள்ளை தைரியமா இருக்கணும் என்று சொன்னாரே, அவர்தான். அவரையும் என்னையும் சேர்த்து எங்கள் கம்பெனி கத்தாரில் ஒரு சைட்டுக்கு டிரெய்லரோடு அனுப்பியிருந்தது. எங்களுக்கு வேலை கத்தாரில், விசா துபாய் கம்பெனி பேரில். கத்தாரில் எடுத்துக்கொடுத்தது பிசினஸ் விசா, வெளியே வந்தால் அதோடு முடிந்தது, கம்பெனி புது விசா எடுக்காமல் திரும்ப உள்ளே போக முடியாது. இங்கத்திய சட்டமோ, ஆறு மாதத்துக்கு மேல் ஒருத்தன் வெளியே இருந்தால் அவன் விசா தானாகச் செத்துப்போகும். அதனால் வெளிநாட்டுக்கு டூட்டி போடுகிற டிரைவரை ஆறு மாதம் ஆவதற்குள் ஒரு தடவை கூப்பிட்டு எல்லையைத் தாண்ட வைத்து மறுபடி அனுப்பணும். இது ஆபீஸ் பார்க்க வேண்டிய வேலை. எங்கள் பாஸ்போர்ட்டே எல்லை தாண்டுகிற அன்றைக்கு மட்டும்தான் எங்கள் கைக்கு வரும், நாங்கள் எதைப் பார்க்க.

நான் நடுவில் லைசென்ஸ் புதுப்பிக்க ஒரு தடவை துபாய் வந்துபோனேன், அதனால் தப்பித்தேன். பாயுடைய முறை வந்தபோது சைட் ஃபோர்மேன் மாற்று டிரைவர் மாஃபி, ஆளே இல்லை, வேலை முடிந்து போ என்றான். பாய் ஆபீசுக்குப் போன் பண்ணி, எனக்கு ஆறு மாதம் ஆகப்போகிறது என்று சொன்னார். டிரான்ஸ்போர்ட் மேனேஜர், ஒன்றும் ஆகாது பாய், நாங்கள் லெட்டர் போட்டுக்கொள்கிறோம் என்று சொன்னானாம். பாய் நம்பினார். நானும் நம்பினேன் என்றுதான் சொல்லணும். வேலை முடிந்து நோன்பு நடுவில் இரண்டு பேரும் இரண்டு வண்டியை எடுத்துக்கொண்டு சவுதி வழியாகப் புறப்பட்டோம். சவுதியைத் தாண்டி குவைஃபாத்தில், துபாய்ப் பக்கத்து எல்லை ஆபீசில் பாயுடைய பாஸ்போர்ட்டைக் கம்ப்யூட்டரில் பார்த்த போலீஸ்காரன், உனக்கு விசா இல்லை, திரும்பிப் போ என்றான். கம்பெனி லெட்டர் வந்திருக்கும் என்று பாய் சொன்னார். எந்த லெட்டரும் வந்திருக்கவில்லை. கத்தாருக்குத் திரும்ப முடியாது, சவுதியில் கொடுத்தது கடந்துபோகிறதற்கு மட்டும் உள்ள விசா, துபாய்க்கு உள்ளே விடமாட்டான். அந்த மனுஷனுக்கு நிற்க ஒரு நாடு இல்லாமல் போயிற்று. என் பாஸ்போர்ட்டை அந்தப் போலீஸ்காரன் முத்திரை குத்த எடுத்தான், நான் கையை நீட்டி அதைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இப்போதும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை, பாய் என் பக்கத்தில் நின்று தொப்பியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார், அதைப் பார்த்துக்கொண்டு என்னால் போக முடியவில்லை.

இரண்டு நாட்டு எல்லை வாசலுக்கும் நடுவில் லாரிகள் நிற்கிற மைதானத்தில் வண்டியைத் திருப்பிப் போட்டோம். மேனேஜருக்குப் போன் பண்ணினேன். அவனை அங்கேயே விட்டுவிட்டு நீ உன் வண்டியை எடுத்துக்கொண்டு வா, லோடு லேட் ஆகிறது, அவனுக்கு நாங்கள் ஏற்பாடு பண்ணுகிறோம் என்றான். என்ன ஏற்பாடு, எப்போது என்று கேட்டேன். நீ டிரைவரா வக்கீலா என்று கேட்டான். பேப்பர் வந்தால் இரண்டு பேரும் வருகிறோம், வராவிட்டால் இரண்டு வண்டியும் இங்கேதான் நிற்கும் என்று சொல்லிவிட்டேன். நோன்பு காலம், ஆபீஸ் மத்தியானத்தோடு பூட்டிவிடுவார்கள், பிறகு யாரும் போனை எடுக்கவில்லை, என் போனும் செத்துப்போயிற்று. பாயோ சர்க்கரை வியாதிக்காரர், சைட்டில் ஷூ கடித்து வலது கால் விரலில் புண் இருந்தது, அதை யாரிடமும் காட்டவில்லை. ஊசி மருந்து வைத்திருந்த ஐஸ் பெட்டியில் ஐஸ் எல்லாம் தண்ணீராகிவிட்டது. நோன்பை விடுங்கள் பாய் என்று கெஞ்சினேன், இதையும் விட்டால் என்கிட்ட வேறே என்ன இருக்கு தேவா என்றார். நானும் பகலில் அவர் முன்னால் ஒன்றும் சாப்பிடவில்லை. சாயங்காலம் பாகிஸ்தான்காரப் பட்டாணி டிரைவர்கள் பேரீச்சம்பழமும் ரொட்டியும் கொண்டுவந்து எங்களையும் உட்கார வைத்தார்கள், நான் கிறிஸ்தவன் என்று சொன்னேன், பசிக்கு ஏது மதம் பாய் என்று சொல்லி என் கையில் ரொட்டியை வைத்தான் ஒரு பெரியவன்.

மறுநாள் மத்தியானம் பாய் வண்டிக்குள் பேச்சு குழறிப் படுத்துவிட்டார். கால் பந்து போல வீங்கியிருந்தது. அந்தப் பட்டாணிதான் ஓடிப்போய் சவுதி போலீசைக் கூட்டிவந்தான், ஆம்புலன்ஸ் வந்தது. நானும் ஏறப்போனேன், நீ ஏறக்கூடாது, உன் வண்டியோடு துபாய்க்குப் போ என்றார்கள். பாயுடைய பையையும் மருந்து டப்பாவையும் உள்ளே வைத்தேன். அவர் என்னை அடையாளம் கண்ட மாதிரி தெரியவில்லை. பிறகு பாயுடைய வண்டியை அங்கேயே பூட்டிவிட்டு நான் மட்டும் முத்திரை குத்திக்கொண்டு இந்தப் பக்கம் வந்தேன். ரோடு முழுக்க என்ன நினைத்தேன் என்று ஞாபகம் இல்லை, வண்டி தானாக வந்தது போல வந்து சேர்ந்தேன். பாயைக் கொஞ்ச நாள் அங்கே ஆஸ்பத்திரியில் வைத்திருந்து சவுதி தம்மாமிலிருந்து விமானத்தில் ஊருக்கு ஏற்றி அனுப்பினார்கள். திருநெல்வேலியில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன்.

லோடு லேட் ஆனதற்கு என் டிசம்பர் லீவை வெட்டினார்கள். அதைக்கூட சகித்துக்கொண்டேன். போன வாரம் கூப்பிட்டு, கிறிஸ்துமஸ் முடிந்ததும் மறுபடி கத்தாருக்குப் போ என்றார்கள். ஆறு மாதத்துக்குள் திரும்பக் கூப்பிடுவோம் என்று எழுதித் தாருங்கள், போகிறேன் என்று சொன்னேன். மேனேஜர் சிரித்தான். இத்தனை வருஷம் எதையும் எழுதிக் கேட்டதில்லையே என்றான். அப்போது கேட்கத் தெரியவில்லை சார் என்றேன். இஷ்டமில்லாவிட்டால் கேன்சல் பண்ணிக்கொண்டு ஊருக்குப் போ என்றான். சரி என்று சொல்லிவிட்டேன் மக்ளே. கோபத்தில் சொல்லவில்லை, சத்தம் போடவும் தெம்பு இல்லை, களைத்துப்போய்ச் சொன்னேன். விசா கேன்சலுக்குக் கொடுத்தாயிற்று, இந்த மாதக் கடைசியில் மார்த்தாண்டம் போய்விடுவேன். இனி இந்த வயதில் வேறு கம்பெனி எடுக்காது, அது எனக்குத் தெரியும். ஜனவரியில் உனக்கும் அபிலாஷுக்கும் நடக்கிற கல்யாணத்துக்கு அப்பா வருவேனா மாட்டேனா என்று இனி நீ கேட்க வேண்டாம், பந்தல் கால் ஊன்றுகிற அன்றைக்கே அங்கே இருப்பேன். அபிலாஷ் வீட்டில் என்ன நினைப்பார்களோ என்று நீ கவலைப்படாதே, அவர்களிடம் நானே உட்கார்ந்து பேசுகிறேன்.

உன் அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. லீவில் வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு ஊரில் போய் மெல்லச் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நேற்று பாயுடைய மனைவி நஸீரா போன் பண்ணினாள். அண்ணே, இவர் லீவுல வந்திருக்கேன்னு சொல்றார், லீவு எப்ப முடியுது, டிக்கெட்டு கம்பெனிதானே போடும், கால் இப்படி இருக்கே, பத்து நாள் கூடக் கேட்டா தருவாங்களா என்று கேட்டாள். பின்னால் பாய் இருமுகிற சத்தம் கேட்டது. விசா போனதைப் பாய் வீட்டில் சொல்லவே இல்லை போலிருக்கிறது. ஆபீசில் விசாரித்துச் சொல்கிறேன்ம்மா என்று வைத்துவிட்டேன். என்னத்தை விசாரிப்பேன், யாரிடம் விசாரிப்பேன். இங்கே வெள்ளிக்கிழமைதானே சபை கூடும், இன்றைக்கு ஆராதனையில் பிரசங்கம் ஒன்றும் காதில் விழவில்லை, அந்தப் பெண் கேட்டதுதான் கேட்டுக்கொண்டிருந்தது. அதனால் இதை எழுதி முடித்த கையோடு ரோலாவுக்குப் போய் கார்டு வாங்கி உன் அம்மாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிடப் போகிறேன். அழுவாள், அழட்டும். நீயும் இந்தக் கடிதம் கிடைத்ததும் அம்மாவைக் கூப்பிட்டுப் பேசு. நஸீராவின் நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், புண்ணை எப்படிக் கழுவணும், என்ன சாப்பிடணும் என்று நர்ஸ் முறையில் அவளுக்குச் சொல்லிக்கொடு. விசாவைப் பற்றி அவள் கேட்டால், அதை வீட்டுக்காரரிடமே கேளுங்கள் மாமி என்று மட்டும் சொல்லு.

உன் பாஸ்போர்ட் ஆஸ்பத்திரி ஆபீசில்தானே இருக்கிறது, கல்யாண லீவுக்கு இப்போதே எழுதிக்கொடுத்து கையெழுத்து வாங்கிவிடு, வாய் வார்த்தையை நம்பி இருக்காதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. பன்னீர்செல்வத்துக்கு ஒரு நேரம் சோறு போட்டு அனுப்பு.

இப்படிக்கு,
உன்னை எந்நேரமும் நினைக்கிற அப்பா
தேவசுந்தரம்