கூப்பிடாமல் உள்ளே போகக்கூடாத அறை

என் ஆசை அப்பாவுக்கு,

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு மூச்சு முட்டும். நேற்று முசரவாக்கம் அம்மன் கோயில் திடலில் நம் குழுவின் புதுக் கூத்து அரங்கேறிவிட்டது. ராஜ வேஷம் யார் தெரியுமா? நான்தான். உன் கிரீடம், உன் புஜக்கட்டை, உன் மார்புக்கட்டை எல்லாம் என்மேல்தான் இருந்தன. காலையில் தறியில் உட்கார்ந்தால் தோள் இரண்டும் விண்விண் என்று வலிக்கிறது. அந்த வலியோடு சிரித்துக்கொண்டே எழுதுகிறேன்.

எந்த ராஜா என்று கேட்பாய். துரியோதனனா, இரணியனா? இரண்டும் இல்லை. நீ கட்டாத வேஷம் இது. நம் தறிக்கு மேலே, நான் பிறப்பதற்கு முன்பிருந்தே சுவரில் இருந்தாரே ஒரு ரஷ்யாக்காரர், நீ செல்லமாக 'மீசை' என்று சொல்வாயே, அவர்தான்.

கோபப்படாதே. ஏதோ பத்திரிகையிலிருந்து வெட்டி நீ சட்டம் போட்டு மாட்டிய படம் அது. ஆயுத பூசை அன்று தறிக்கும் நாடாவுக்கும் பொட்டு வைக்கிற கையோடு அம்மா அந்தப் படத்துக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிடுவாள். சாமி கும்பிடக் கோயில் பக்கமே போகாத நீ, அதை மட்டும் துடைக்கமாட்டாய். உலகத்திலேயே நெற்றியில் குங்குமத்தோடு இருந்த ஒரே சர்வாதிகாரி நம் பிள்ளையார்பாளையத்து வீட்டில்தான் இருந்தார்.

நீ போன பிறகு அந்தப் படத்தைத் துடைக்கும்போதுதான் உறைத்தது, இவர் யார் என்று எனக்கு ஒன்றும் தெரியாது. ஜெர்மன்காரனை அடித்து விரட்டினார், ஏழைக்குப் பள்ளிக்கூடம் கொடுத்தார் என்று நீ சொன்னது மட்டும்தான் தெரியும். அது பொய்யில்லை. ஆனால் மிச்சம் இருந்தது. நூலகத்தில் கிடைத்ததை எல்லாம் எடுத்துவந்து படித்தேன். சில பக்கங்களில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். அதே நேரம் காலில் சலங்கை கட்டின மாதிரி ஒரு பரபரப்பு. ஒவ்வொரு பக்கமும் கூத்தாகவே இருந்தது அப்பா.

செருப்புத் தைக்கிறவர் மகன். குடிகாரத் தகப்பனிடம் அடி வாங்கி வளர்ந்தவன். தாய் அவனைப் பாதிரியார் ஆக்கப் படிக்க அனுப்பினாள். அங்கே பாட்டு எழுதிக்கொண்டிருந்தவன் புரட்சிக்காரனாகித் தனக்கு எஃகு என்று அர்த்தம் வருகிற பெயரை வைத்துக்கொண்டான். மன்னராட்சி விழுந்த பிறகு மற்றவர்கள் எல்லாம் மேடையில் முழங்கிக்கொண்டிருந்தபோது, இவன் சத்தமில்லாமல் கோப்பு பார்க்கிற பதவியில் உட்கார்ந்தான். யாரை எந்த ஊருக்குப் போடுவது, யாரைத் தூக்குவது என்பதெல்லாம் இவன் கையில். புரட்சியை நடத்திய பெரிய தலைவர் கண் மூடியபோது பார்த்தால், நாற்காலிக்கு நாற்காலி இவன் ஆள். நெசவாளர் சொசைட்டி தேர்தல் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டுமா? கூத்தில் இந்தக் காட்சிக்குத் திடலே சிரித்தது.

சிரிப்பு அதோடு நின்றது. கோதுமை விளைகிற ஊர்களில் அவன் ஆட்கள் தானியத்தை வழித்துக்கொண்டு போனார்கள். அறுத்த வயலில் சிந்தின கதிரைப் பொறுக்கியவர்களைப் பிடித்து உள்ளே போட்டார்கள். ஊர் ஊராகப் பசியில் செத்தது ஜனம். அந்தக் காட்சியில் முன்னால் இருந்த ஒரு அம்மா பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டது எனக்கே கேட்டது: "உதுந்த கதிர பொறுக்கனதுக்காமா ஜெயிலு? நாமெல்லாம் அறுப்பு முடிஞ்சதும் அதத்தானே பண்ணிக்கினு இருந்தோம்?"

பிறகு கூட நின்ற தோழர்களையே ஒவ்வொருவராகத் துரோகி என்று சொல்லிச் சுட்டான். படங்களில் பக்கத்தில் நின்றவர்களைக்கூட அழிக்கச் சொன்னான். இதை எப்படிக் கூத்தில் காட்டுவது என்று மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். பின்பாட்டுக்காரர்கள் ராஜாவின் தோழர்கள் பெயரை வரிசையாகப் பாடுவார்கள். நான் ஒரு சுற்று ஆடி வருவதற்குள் ஒரு பெயர் குறைந்திருக்கும். அடுத்த சுற்றில் இன்னொன்று. கடைசியில் ராஜாவான என் பெயர் மட்டும்தான் பாட்டில் இருக்கும். நீ பார்த்திருந்தால் இதற்காவது ஒரு சபாஷ் கொடுத்திருப்பாய்.

இப்போது ஏழுமலை மாமா விஷயத்துக்கு வருகிறேன். நாளைக்கு இந்தக் கடிதத்தை எடுத்து வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன், இவர் அப்பாவின் உயிர்த் தோழர். ஒரே தெருவில் தறி, ஒரே சங்கம், ஒரே சிவப்புத் துண்டு. அப்பாவுக்குப் பிறகு எனக்கு நல்லது கெட்டதுக்கு வந்து நிற்கிற ஒரே பெரியவர். ஒத்திகைக்கு வந்தவர், நான் கிரீடத்தைக் கட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இன்னாமா இது? உங்கப்பன் கிரீடத்த வச்சிக்கினு நம்ம தலைவர அரக்கனாக்கப் போறியா?"

"வந்து பாருங்க மாமா. பாத்துட்டு சொல்லுங்க."

"இன்னாத்த பாக்கறது? அமெரிக்காக்காரன் எழுதி வச்சத நீ பாடற. ஆடறதுன்னா ஆடு. அப்பறம் என்ன மாமான்னு கூப்டாத."

எழுந்து போய்விட்டார். உன்னை ஏற்கெனவே இழந்தாயிற்று. அவரையும் விட்டுவிட்டு இந்தக் கூத்தை ஆடத்தான் வேண்டுமா? நிறுத்திவிடலாம் என்றுகூட நினைத்தேன். ஆனால் சாமான் வண்டி கிளம்பியபோது நானும் ஏறிவிட்டேன்.

பொழுது சாய்ந்து மிருதங்கம் தட்டியதும் திரைக்கு மேலே எட்டிப் பார்த்தேன். முன்வரிசையில், சிவப்புத் துண்டோடு, மாமா. என் மனசு எப்படிக் குதித்தது என்று சொல்லத் தெரியவில்லை. பார்க்க வந்தாரா, நிறுத்த வந்தாரா என்று புரியாமலே ஆடினேன்.

கடைசிக் காட்சி அவன் சாவு. அவன் அறைக்குள் அவன் கூப்பிடாமல் யாரும் போகக்கூடாது. ஒரு நாள் உள்ளே விழுந்து கிடந்தான். வெளியே காவல்காரர்கள் காத்துக்கொண்டே நின்றார்கள். கூப்பிடவில்லை, அதனால் போகவில்லை. பார்த்துவந்த பெரிய வைத்தியர்களோ சிறையில் இருந்தார்கள். இது நிஜமாகவே நடந்தது அப்பா, நான் ஒன்றும் கட்டவில்லை. கூத்தில் ராஜா வரும்போது இரண்டு பேர் திரை பிடித்து நிற்பார்களே, அதே திரையை மறுபடி பிடிக்கச் சொல்லி, அதற்குப் பின்னால் நான் விழுந்து கிடந்தேன். முன்னால் காவல்காரனாக நம் கட்டியக்காரன் பாபு அண்ணன்.

"கூப்ட்டாதான் உள்ள போவணும், அதான் சட்டம். கூப்டலியே! டாக்டர இட்டாரலாம்னா எல்லா டாக்டரும் ஜெயில்ல. இப்போ நான் இன்னா பண்ணட்டும்?"

ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. நான் மண்ணில் கன்னத்தை வைத்துக் கிடந்தேன். திடீரென்று சிரிப்பு அடங்கியது. யாரோ மேடைக்கு வருகிற காலடி.

"மாமா, நீங்க எங்க வரீங்க?" பாபு அண்ணன் குரல்.

"கூப்டலன்னா இன்னா? உள்ள போய் பாக்க மாட்டியா? நவுருடா." அவரே திரையை இழுத்துக் கீழே போட்டார்.

விளக்கு என் கண்ணில் அடித்தது. மாமா குனிந்து என் முகத்தைப் பார்த்தார். கோமதி என்று கூப்பிடவில்லை. ராஜாவைக் கேட்கிற மாதிரியே கேட்டார்.

"ஐயா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். எங்க சாமிக்கண்ணு இருந்தானே, எந்தக் கூட்டம்னாலும் எழுந்து 'தோழர், ஒரு சந்தேகம்'னு கேப்பான். யார் தலைவர்னு பாக்க மாட்டான். அவன் உங்க ஊர்ல பொறந்திருந்தா, அவன நீ இன்னா பண்ணியிருப்ப?"

அது உன் பெயர், அப்பா. உன்னைத்தான் கேட்டார். முகச்சாயம் கலைக்கிறவரை நீ ராஜாதான், எவன் கேட்டாலும் ராஜாவாகத்தான் பதில் சொல்லணும் என்று என்னை நிற்கவைத்துச் சொல்லிக்கொடுத்தவன் நீ. செத்த மாதிரி கண்ணை மூடிக்கொண்டு கிடந்திருக்கலாம். கிடக்க முடியவில்லை. கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தேன்.

"முதல் ஆளாக அவனைத்தான் பிடித்திருப்பேன். பாட்டிலிருந்து அவன் பெயரையும் எடுத்திருப்பேன்."

சத்தியமாகச் சொல்கிறேன், அதைச் சொல்லும்போது என் நாக்கு என்னுடையதாக இல்லை. மாமா தலையை ஆட்டினார். "எனக்கும் அப்படித்தான் தோணிச்சி," என்றார். அப்படியே மேடையிலேயே என் பக்கத்தில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். என் சாயம் எல்லாம் கண்ணீரில் வழிந்தது. பாபு அண்ணன்தான் ஒருவழியாக மங்களம் பாடி முடித்தார்.

ஒன்று கேட்கட்டுமா? எல்லாரையும் சந்தேகம் கேட்ட நீ, அந்தப் படத்தை மட்டும் ஏன் கேட்கவில்லை? தெரியாதா? தெரிந்தும் மனசு வரவில்லையா? கூலி உயர்வுக்காக நீ மழையில் நின்ற நாட்களில் உனக்கு யாராவது ஒருவர் துணைக்குத் தேவைப்பட்டாரா? உன்மேல் பாசம் இம்மியும் குறையவில்லை, அது மட்டும் தெரியும்.

இன்னொரு சேதி. இன்று காலையிலேயே மாமா வீட்டுக்கு வந்துவிட்டார். டீயை வாங்கிக் குடித்துவிட்டு, "அடுத்த ஆட்டம் கூரத்துல தானே? அதுல சாமிக்கண்ணுன்னு ஒரு வேஷம் சேருமா. நான் கட்டறேன். வசனம் ஒண்ணும் எழுதவேணாம், அவன் கேக்கறது எனக்குத் தெரியும்," என்றார். இந்த வயசில் சலங்கை கட்டப் போகிறாராம். எனக்கு வந்த சந்தோஷத்தில் பால் பொங்கி வழிந்ததைக்கூடப் பார்க்கவில்லை.

ஆனால் இனிமேல் ஒவ்வொரு ஊரிலும், ராஜாவாக, நான் உன்னைக் கொல்லச் சொல்லவேண்டும். சொல்வேன் அப்பா, உன்னைப் போலக் கேட்டவர்களுக்கு அங்கே அதுதான் நடந்தது, அதை மாற்றமாட்டேன். உனக்கு ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். நீ எழுந்து கேட்கிற கேள்வியைக் கடைசி வார்த்தைவரை ஜனம் கேட்கவிட்டுத்தான் உன்னைப் பிடிக்கச் சொல்லிக் கையைத் தூக்குவேன்.

உன்னோடு வாதாடிக்கொண்டே இருக்கப்போகிற,
உன் மகள்
கோமதி