ஏழாம் படி முங்கியும் அழைப்பு போகவில்லை

அக்டோபர் 27

பழைய சர்வர் இன்று மூன்று முறை தானாக அணைந்தது. வயது பதினொன்று. கம்ப்யூட்டர் கணக்கில் அது சதாபிஷேகம் தாண்டிய வயது. மழைக்கு முன் புதியதற்கு மாற வேண்டும் என்று எங்கள் வெள்ள எச்சரிக்கைக் குழு மே மாதமே தீர்மானம் போட்டது. தீர்மானம் போட்டதால் வேலை முடிந்துவிட்டதாக எல்லாரும் நம்பினோம். கம்ப்யூட்டரைக் கவனிக்கும் நானும்தான்.

ஏற்பாடு எளிமையானது. ஆற்றின் மேல்பக்கம் கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் போடும் தனலட்சுமி, விடியற்காலை ஆற்றில் குளித்துவிட்டு, படித்துறையில் எத்தனை படி முங்கியிருக்கிறது என்று எண்ணிப் போனில் பதிவார். ஏழோ அதற்கு மேலோ என்றால் டேட்டாபேஸில் இருக்கும் டிரிகர் தானே ஓடும். டிரிகர் என்பது பதிவு ஒன்று வரியாக வந்து விழுந்ததும் விழித்துக்கொள்ளும் சின்ன நிரல். அதே ஆறு கீழே போய்ச் சேரும் ஏரல் பக்கம் முந்நூற்றுப் பன்னிரண்டு வீடுகளுக்கு அது போன் போடும். பேசுவது என் மனைவி டார்லினின் குரல். இருபத்தாறு வருஷம் டீச்சர். பதிவு செய்த குரல் என்று தெரிந்தும் "சரி டீச்சர்" என்று சொல்லாமல் அங்கே யாரும் போனை வைப்பதில்லையாம். நானும் வைப்பதில்லை.

அக்டோபர் 29

முகம்மது இப்ராஹிம் ஏரலிலிருந்து பேசினார். ஆற்றோரத்தில் வீடு. அவருடைய வாப்பாவுக்கு இரண்டு காலும் வராது, படுக்கை கீழ்த்தளத்தில். "மாடிக்குத் தூக்க நாலு ஆளு வேணும் சார். காலைல ஏழு மணிக்குள்ள தெரிஞ்சாத்தான் ஆளு கிடைக்கும். பொறவு ஒருத்தன் வாழைத் தோட்டத்துக்குப் போயிருவான், ஒருத்தன் கடைக்குப் போயிருவான்."

இரண்டு வருஷத்துக்கு முந்தைய டிசம்பர் வெள்ளத்தில் வாப்பாவைக் கதவுப் பலகையில் கிடத்தி, நெஞ்சளவுத் தண்ணீரில் கொண்டுபோனார்களாம். சர்வர் மாற்றத்தால் ஒரு அழைப்பும் தவறாது என்று வாக்குக் கொடுத்தேன். வாக்குக் கொடுக்க எந்த மென்பொருளும் தேவைப்படவில்லை.

நவம்பர் 2

முடிந்தது. தனலட்சுமியின் போன் இப்போதைக்குப் பழைய சர்வருக்குத்தான் அனுப்பும். அங்கே விழும் ஒவ்வொரு வரியும் நகலாகப் புதியதற்கு வந்துவிடும். இதற்கு லாஜிக்கல் ரெப்ளிகேஷன் என்று பெயர். வீடுகளுக்குப் போன் போடும் பெட்டியையும் டிரிகரையும் புதியதற்கு மாற்றினேன். பழையதில் இருந்த டிரிகரை எடுத்துவிட்டேன்.

சோதனையாக, பட்டியலில் என் எண்ணை மட்டும் வைத்து, புதிய சர்வரில் "ஏழு" என்று நானே தட்டினேன். உடனே என் சட்டைப் பையிலிருந்து டார்லின் பேசினாள். எதிரே நின்ற டார்லின் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என் குரல் இவ்வளவு மிரட்டலாவா இருக்கு?"

"கொஞ்சம் குறைத்துத்தான் பதிந்திருக்கிறோம்" என்றேன்.

நவம்பர் 9

அழைப்பு எதுவும் போகவில்லை. எல்லாம் ஒழுங்கு.

நவம்பர் 14

காலை ஏழு இருபதுக்குத் தனலட்சுமி.

"சார், ஏழு படி முங்கிட்டுன்னு அப்பமே போட்டுட்டேன். ஏரல் அண்ணாச்சி இன்னும் கூப்பிடல. அவுகளுக்கு மேலுக்குச் சொகமில்லையோ?"

எச்சரிக்கை வந்ததும் இப்ராஹிம் தனலட்சுமியைக் கூப்பிட்டு "கிடச்சிட்டு தாயி" என்று ஒரு வார்த்தை சொல்லுவாராம். இரண்டு வருஷமாக நடக்கிற வழக்கம். எங்கள் திட்ட அறிக்கை எதிலும் கிடையாது.

போய்ப் பார்த்தேன். புதிய சர்வரில் வரி இருக்கு. ஐந்து ஐம்பதுக்கே வந்திருக்கு. டிரிகரும் இருக்கு. பட்டியலும் முழுசாக இருக்கு. போன அழைப்பு — பூஜ்யம். ஏன்? நான் போட்டா ஓடுது, அந்தம்மா போட்டா ஓடாதா?

கையாலேயே எல்லா அழைப்பையும் அனுப்பி முடித்தபோது ஏழு ஐம்பது. இப்ராஹிமுக்கு நாலு ஆளில் ஒருத்தர்தான் கிடைத்தார். தண்ணீர் தெருவுக்கு இரண்டடி கீழே வந்து நின்றுவிட்டது. நின்றது ஆறு. அதில் என் பங்கு ஒன்றும் இல்லை.

"தண்ணி ஏறியிருந்தா?" என்றார் இப்ராஹிம்.

ஏறியிருந்தால்?

நவம்பர் 15

விடை டேட்டாபேஸ் கையேட்டில் இருக்கிறது. நகலாக வந்து சேரும் வரிக்குச் சாதாரண டிரிகர் ஓடாது. என் பிரதியில் அந்த வாக்கியத்துக்கு அடிக்கோடு வேறு. கோடு போட்டது நான்தான்.

நியாயமும் இருக்கிறது. வரி முதலில் விழுந்த இடத்திலேயே டிரிகர் தன் வேலையைச் செய்திருக்கும், நகலும் செய்தால் எல்லாம் இரண்டு தடவை நடக்கும். துக்க வீட்டில் அழுதாயிற்று, சேதி போன ஊரிலெல்லாம் மாரடிக்க வேண்டாம் என்ற கொள்கை. நான் துக்க வீட்டில் அழ வேண்டியவரை அப்புறப்படுத்திவிட்டேன், சேதி போன ஊரிலோ அழத் தடை. ஆகவே பூரண அமைதி. அதைத்தான் ஒன்பதாம் தேதி ஒழுங்கு என்று எழுதியிருக்கிறேன்.

என் சோதனை வெற்றி பெற்றதற்கும் காரணம் அதுவே. நான் தட்டியது நேரடி வரி. படித்துறையிலிருந்து வருவது நகல்.

மருந்து ஒரே வரி: எனேபிள் ஆல்வேஸ். வரி எப்படி வந்தாலும் ஓடு என்று டிரிகருக்கு உத்தரவு. கொடுத்தாயிற்று.

நவம்பர் 16, ஞாயிறு

முட்டாள் அரைகுறையாகச் செய்தால் ஊருக்குப் பாதி ஆபத்து. நான் முழுமையாகச் செய்கிறவன்.

ஞாயிறு ஆராதனைக்குப் போகாமல் உட்கார்ந்து, எதற்கும் சுத்தமாக இருக்கட்டும் என்று புதிய சர்வரில் இருந்ததை அழித்து, எல்லாப் பதிவையும் முதலிலிருந்து நகலெடுக்கச் சொன்னேன். அந்த முதல் நகலுக்கும் டிரிகர் ஓடும் — நேற்று நான் கொடுத்த உத்தரவின்படி. இரண்டு வருஷத்தில் ஏழு படி முங்கிய காலைகள் பத்தொன்பது. பத்தொன்பது வெள்ளமும் ஒன்றாகப் புறப்பட்டன. டார்லின் கோயிலில் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள், அவள் குரல் ஏரலை எழுப்பிக்கொண்டிருந்தது. நான் ஓடிப்போய் ஒயரைப் பிடுங்குவதற்குள் நாற்பத்தோரு வீடு.

"என்ன வே இது? வெயிலு மண்டயப் பொளக்குது. டீச்சரம்மா மூணு மட்டம் கூப்பிட்டுட்டாவ. எந்த வெள்ளம் வே?"

"போன வருஷத்தது, அண்ணாச்சி."

இதுவரை இப்ராஹிமுக்கு நான் சார்.

ஞாயிறு என்பதால் ஆள் இருந்தது. வாப்பாவை நாற்காலியில் வைத்து மாடிக்குத் தூக்கியேவிட்டார்கள். நாற்பது நிமிஷம். படிக்கட்டின் திருப்பத்தில் நாற்காலி சிக்கிக்கொண்டதாம், பின்பக்கமாகத் திருப்பினால்தான் போகிறதாம்.

மன்னிப்பைப் பதிந்து தரும்படி டார்லினிடம் கேட்டேன். "நீங்க செஞ்சதுக்கு நான் எதுக்குக் கேக்கணும்? ஒங்க குரல்லயே போகட்டும்." போயிற்று. நாற்பத்தொன்றில் முப்பத்தெட்டுப் பேர் பாதியில் வைத்துவிட்டார்கள்.

நவம்பர் 18

அன்றன்றைய தேதிப் பதிவு என்றால் மட்டுமே ஓடும்படி டிரிகரைத் திருத்தினேன். இந்த முறை சோதனை படித்துறையிலிருந்து. சும்மா ஒரு ஏழு போடும்படி தனலட்சுமியிடம் சொன்னேன்.

"பொய்யாவா? நாலு படிதான சார் முங்கியிருக்கு. ஆத்துல நின்னுக்கிட்டு எப்படிப் பொய் சொல்லுதது?"

ஆற்றை ஏழுக்கு ஏற்ற முடியாது. ஆகவே டிரிகரின் எல்லையை நாலுக்கு இறக்கி, பட்டியலில் இப்ராஹிமை மட்டும் வைத்தேன். தனலட்சுமி உண்மையான நாலைப் பதிந்தார். ஒரு நிமிஷம். பிறகு அவரே கூப்பிட்டார்: "அண்ணாச்சி பேசிட்டாவ சார். கிடச்சிட்டாம்."

எல்லையை மறுபடி ஏழுக்கு ஏற்றி, பட்டியலை நிரப்பினேன். நிரப்பியதை டார்லின் ஒரு முறை சரிபார்த்தாள். நான் கேட்டுக்கொண்டதால்.

நவம்பர் 24

ஐந்து நாற்பதுக்கு எட்டுப் படி. முந்நூற்றுப் பன்னிரண்டு வீடு, வீட்டுக்கு ஒரே அழைப்பு. ஆறு ஐந்துக்கு இப்ராஹிம் தனலட்சுமியிடம் "கிடச்சிட்டு தாயி."

நாலு ஆளும் வீட்டில் இருந்தார்கள். நாற்காலியைப் பின்பக்கமாகவே ஏற்றினார்கள். பன்னிரண்டு நிமிஷம். பழைய வெள்ளம் சொல்லிக்கொடுத்த வித்தை என்கிறார்கள். நான் மறுக்கவில்லை.

சாயங்காலம் அவர் வீட்டுக் கூடத்தில் முழங்கால் அளவுத் தண்ணீர். போனில் சிரிப்பு.

"வாப்பா மேல இருக்காவ சார். சன்னல் வழியா ஆத்தப் பாத்துக்கிட்டு, டீச்சரு இன்னொருக்கா கூப்பிடுவாகளான்னு கேக்குதாவ."

மறுபடியும் சார்.

நவம்பர் 27

நாலு படி. நல்ல வெயில், அப்பளம் காயப் போட்டாயிற்று என்றார் தனலட்சுமி. ஏரலுக்கு அழைப்பு எதுவும் போகவில்லை. ஏன் போகவில்லை என்று போய்ப் பார்த்தேன். ஆறு நாலு படியில் இருப்பதால்தான்.